ஐந்து வருடமா, ஏழு வருடமா

கலிஃபோர்னியாவின் பே ஏரியாவில் புதிதாகப் பள்ளி ஆசிரியர் வேலைக்கு வந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் நீங்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறீர்கள். நான் ஓய்வு பெற்ற கையோடு என்னையும் அதில் இழுத்துப் போட்டுவிட்டீர்கள். காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே எப்போதாவது ஒரு உருப்படியான கேள்வி வரும். போன வாரம் ஒருவர் கேட்டிருந்தார்: "மேடம், கிளாஸ்ல நம்ம பசங்க நெறைய இருந்தா, நம்மளும் தமிழா இருக்கறது ஒரு அட்வான்டேஜ்தானே?"

அட்வான்டேஜ்தான், சந்தேகமே இல்லை. அதை வைத்துக்கொண்டு நான் என்ன காரியம் செய்தேன் என்று சொல்லலாமென்று குழுவில் தட்ட ஆரம்பித்தேன். கட்டை விரல் வலித்ததுதான் மிச்சம். அதனால் உட்கார்ந்து ஒழுங்காகவே எழுதுகிறேன்.

ஃப்ரீமான்ட்டில் ஓர் அரசுப் பள்ளியில் இருபத்திரண்டு வருடம் பத்தாம் வகுப்புக்கு உலக வரலாறு நடத்தினேன். கிரேடு போடுவது, பெற்றோரைச் சமாளிப்பது, ஜெராக்ஸ் மெஷினிடம் கெஞ்சுவது, இதெல்லாம் நீங்களே கற்றுக்கொள்வீர்கள். அவற்றில் சொல்லிக்கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

எனக்குப் பிடித்த பாடம் ஒன்று இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்கும் போயர்களுக்கும் வந்த போர். போயர்கள் என்றால் தலைமுறைகளாக அங்கே குடியேறி, நிலம் பிடித்து, மாடு மேய்த்து வாழ்ந்த டச்சு வம்சாவளி வெள்ளைக்காரர்கள். பாடப் புத்தகத்தில் இந்தப் போருக்கு அரைப் பக்கம் கொடுத்திருந்தால் அதிகம். சண்டையில் யார் எந்தக் குன்றைப் பிடித்தார்கள் என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. அது எப்படி ஆரம்பித்தது என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

கதை இதுதான். போயர்கள் டிரான்ஸ்வால் என்று ஒரு குடியரசு வைத்திருந்தார்கள். அங்கே பூமிக்கடியில் தங்கம் அகப்பட்டது. வேலைக்கும் வியாபாரத்துக்கும் வெளியிலிருந்து ஆட்கள் வந்து குவிந்தார்கள், அதில் பெரும்பகுதி பிரிட்டிஷ்காரர்கள். உள்ளூர்க்காரர்கள் அவர்களை வெளியார் என்றார்கள். வெளியார் வரி கட்டலாம், ஓட்டுப் போட முடியாது. முழு ஓட்டுரிமை வேண்டுமென்றால் பதினான்கு வருடம் இருக்க வேண்டும். சாம்ராஜ்யத்தின் ஆணையர் வந்து உட்கார்ந்து, ஐந்து வருடத்தில் கொடு என்றார். கொடுத்தால் நாடே அவர்கள் கைக்குப் போய்விடும் என்றார் குடியரசுத் தலைவர். இழுத்துப் பறித்து ஏழு வருடம் வரை வந்தார். ஐந்தா, ஏழா என்பதில் பேச்சு முறிந்தது. சில மாதம் கழித்து நிபந்தனைகளோடு ஐந்துக்கே இறங்கி வந்தார்கள். அப்போதும் ஒத்துவரவில்லை. கப்பல்களில் படை வர ஆரம்பித்தது. படையைத் திருப்பி அனுப்பு என்று குடியரசு கெடு வைத்தது. கெடு முடிந்ததும் போர் வந்துவிட்டது.

வரி கட்டு, ஓட்டுக் கேட்காதே. இந்தப் பாடத்தை ஃப்ரீமான்ட்டில் நடத்தினால் பிள்ளைகளுக்கு யார் ஞாபகம் வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முதல் இரண்டு வருடம் இதைப் பிரசங்கமாகச் செய்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் பீரியட். பிரசங்கம் முடிவதற்குள் பாதி வகுப்பு தூங்கியிருக்கும். அப்புறம்தான் மாநாடு யோசனை வந்தது. மூன்று மேசை: சாம்ராஜ்யம், குடியரசு, வெளியார். உண்மையான மாநாட்டில் வெளியாருக்கு மேசை கிடையாது. அது நான் சேர்த்தது. ஒவ்வொரு மேசைத் தலைவருக்கும் ஒரு கார்டு, நானே எழுதுவேன். கார்டின் மேல்பாதியில் வாய்விட்டுப் பேச வேண்டியது இருக்கும். கீழ்ப்பாதியை மடித்திருப்பேன். நிஜமாகவே உனக்கு என்ன வேண்டும் என்பது அதற்குள் இருக்கும். மடித்ததை யாரிடமும் காட்டக் கூடாது. ஆனால் எதிராளி அதை நேருக்கு நேர் கேட்டுவிட்டால் பொய் சொல்லக் கூடாது. இது விதி. நான் சொல்லப்போகும் வருடம் வரை ஒரு பிள்ளைகூட நேராகக் கேட்டதில்லை. எல்லோரும் ஐந்தா ஏழா என்றுதான் தொண்டை கிழியக் கத்துவார்கள். மூன்றாம் நாள் நான் கார்டைப் பிரித்துக் காட்டுவேன், வகுப்பு அசந்துபோகும். அந்த அசந்துபோகும் முகங்களைப் பார்ப்பதில் எனக்கு ஒரு போதை இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

இனி நிவேதாவைப் பற்றி. பெயரை மாற்றியிருக்கிறேன். நான்கு வயதில் அமெரிக்கா வந்த பெண். ஈரோட்டுப் பக்கத்துக் குடும்பம். மவுரி அவென்யூவில் இருக்கும் இந்தியக் காய்கறிக் கடையில் அவள் அம்மாவும் நானும் வாழைப்பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வாடியிருக்கிறது என்று இருவருமாகத் தீர்ப்புச் சொல்லி வைத்துவிட்டு வருவோம். ஒரு பொங்கல் விழாவில் அவள் அப்பா தன் பிரியாரிட்டி தேதியை, அதாவது கிரீன் கார்டு வரிசையில் இடம் பிடித்த தேதியை, என்னிடம் சொல்லியிருந்தார். நான் கேட்டேன், அவர் சொன்னார். நம் ஆட்களிடம் இது சர்வசாதாரணம். எந்த ஊர், எந்தக் கம்பெனி, எந்தத் தேதி. தட்டில் பொங்கல் ஆறுவதற்குள் மூன்றும் தெரிந்துவிடும்.

எனக்கு அப்போது தெரியாத ஒன்றை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமை, நிவேதாவின் அப்பாவுக்கு வேலை போய் முப்பத்தெட்டு நாள் ஆகியிருந்தது. வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் அறுபது நாள். அதற்குள் வேறொரு கம்பெனி அவருக்காக மனுப் போட வேண்டும். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். வீட்டில் கூடிப் பேசி, வெளியே யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று முடிவு செய்திருந்தார்கள். பதினைந்து வயதுப் பெண் அதை முப்பத்தெட்டு நாளாகக் காப்பாற்றி வந்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை மாநாட்டுக்கு முந்தைய நாள். வெளியார் என்றால் யார் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். வகுப்பு கொட்டாவி விட்டது. எனக்கு எரிச்சல். சுருக்கென்று ஏதாவது செய்தால்தான் விழிப்பார்கள் என்று தோன்றியது.

"சரி, இந்த ரூமில் யார் யார் வீட்டில் கிரீன் கார்டுக்குக் காத்திருக்கிறீர்கள்? கையைத் தூக்குங்கள்."

வகுப்பில் நடந்ததெல்லாம் ஆங்கிலத்தில்தான், தமிழில் சொல்கிறேன். கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அப்புறம் ஒரு கை, இரண்டு கை, மளமளவென்று. இந்தியப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள். கெவின் என்று ஒரு சீனப் பையன், வாயைத் திறக்கவே யோசிப்பவன், "எங்களுக்கு எட்டு வருஷம், மிஸ்" என்றான். பின்னாலிருந்து "நாங்க பன்னெண்டு" என்று ஒரு குரல். ஏலம் போடுவதுபோல் எண்கள் ஏறின. சிரிப்பு. ஒருவரும் தூங்கவில்லை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

நிவேதா கையைத் தூக்கவில்லை. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். தமிழிலேயே, உரிமையோடு, கேலியாக, எல்லோர் முன்னிலும் சொன்னேன்: "நிவேதா, உன் கை எங்கே? உங்கப்பா தேதி எனக்குத் தெரியுமே, எங்கிட்டயேவா மறைக்கிற?"

தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். தெரியாதவர்கள் அவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். நிவேதா முழங்கையை மேசையிலேயே வைத்துக்கொண்டு உள்ளங்கையை மட்டும் நிமிர்த்தினாள். நான் எண்ணிப் பார்த்து, பலகையில் பதினேழு என்று பெரிதாக எழுதினேன். "இவர்கள்தான் வெளியார்," என்றேன். பதினேழில் அவளும் ஒருத்தி.

மறுநாள் மாநாடு. சீட்டுக் குலுக்கியதில் கெவின் குடியரசுத் தலைவர். ரோஹன் என்று இங்கேயே பிறந்த பையன், நன்றாகப் பேசுவான், அவன் சாம்ராஜ்யத்தின் ஆணையர். வெளியாரின் தலைவியாக வந்தது நிவேதாவின் சீட்டு. வேண்டுமென்று செய்ததல்ல. ஆனால் அவள் பெயர் வந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, நேற்றுக் கை தூக்கியவள் இன்று நன்றாகப் பேசுவாள் என்று.

பேசினாள். எங்கள் வரியில்தான் உங்கள் சாலை போடுகிறீர்கள், எங்கள் பிள்ளைகள் இங்கேதான் பிறக்கிறார்கள், பதினான்கு வருடம் எதற்கு என்றாள். குரல் உயரவே இல்லை. கெவின் கார்டை ஒருமுறை பார்த்துக்கொண்டு எழுந்தான். கூச்சப் பையன்கள் வேஷம் கட்டினால் அலாதியாகக் கட்டுவார்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்: "உங்களை யாரும் இங்கே கூப்பிடவில்லை. எங்கள் சட்டம் பிடிக்காவிட்டால் கிளம்பிப் போகலாம்."

"ஓ..." என்று வகுப்பு கத்தியது. வழக்கமாக இந்த இடத்தில் வெளியார் மேசை பாய்ந்துகொண்டு பதில் சொல்லும். நிவேதா சொல்லவில்லை. அவள் முகம் வெளுத்துவிட்டது. அது நடிப்பல்ல என்பது ஜன்னல் ஓரமாக நின்றிருந்த எனக்குத் தெரிந்தது. காரணம்தான் தெரியாது.

இந்த மாதிரி சமயத்தில் உங்களுக்குப் பத்து நொடிதான் கிடைக்கும். நிறுத்தலாம், விடலாம். நான் விட்டேன். நிறுத்தினால் அவளை எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று கணக்குப் போட்டதாகப் பிற்பாடு சிலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். வகுப்பு அவ்வளவு அருமையாகப் போய்க்கொண்டிருந்தது, கெடுக்க மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

அப்போது ரோஹன் அவளிடம் ஒரு துண்டுச் சீட்டை நகர்த்தினான். அவள் அதை எடுத்துச் சத்தமாக வாசித்தாள். "ஏழு வருடத்துக்கு ஒத்துக்கொள்ளாதே. ஐந்தில் நில். உன் பின்னால் நாங்கள் இருக்கிறோம்." வாசித்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

"இவங்க நாளைக்கே எங்களுக்கு ஓட்டுக் குடுத்துட்டா, உங்க கப்பலெல்லாம் திரும்பிப் போயிடுமா?"

ரோஹன் என்னைப் பார்த்தான். விதி விதிதான். தலையை ஆட்டினேன். அவன் கார்டின் மடிப்பைப் பிரித்தான்.

"போகாது," என்றான்.

"ஏன்?"

"ஓட்டு எங்களுக்கு ஒரு காரணம், அவ்வளவுதான். இந்த இடம் எங்க கொடிக்குக் கீழ வரணும். தங்கம் இருக்கு."

தங்கம் பெரிதா, கொடி பெரிதா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். வெளியாரின் ஓட்டுக்காக மட்டும் அந்தக் கப்பல்கள் கிளம்பவில்லை என்பது என் கட்சி, அதனால் கார்டில் அப்படி எழுதியிருந்தேன். நிவேதா தன் முன்னால் இருந்த 'வெளியார்' அட்டையைக் குப்புறக் கவிழ்த்தாள்.

"அப்ப இந்த ரூம்ல யாருமே எங்களுக்காக வரல," என்றாள்.

மணி அடித்தது. என் ஆசிரிய வாழ்க்கையிலேயே சிறந்த வகுப்பு அது என்று நினைத்தபடி பலகையை அழித்தேன். எல்லோரும் போன பிறகும் கெவின் நின்றுகொண்டிருந்தான்.

"மிஸ், நான் கார்டுல இருந்ததைத்தான் சொன்னேன்."

"தெரியுமே. பிரமாதமாச் சொன்ன."

அவன் போகவில்லை. "அவகிட்ட நீங்க அதைச் சொல்லுவீங்களா?" என்றான். விளையாட்டுத்தானே, போ போ என்று அனுப்பிவைத்தேன். பதினைந்து வயதுப் பையனுக்குப் பிடிபட்டது எனக்குப் பிடிபடவில்லை.

அன்று சாயங்காலம் கடை வாசலில், கார் நிறுத்துமிடத்தில், நிவேதாவின் அம்மா என்னைப் பார்த்துவிட்டு நின்றார். அந்த அம்மாள் கோபமாக வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அக்கா, பாப்பா நேத்தும் இன்னிக்கும் வந்து ஒரே அழுகைங்க. அவங்கப்பா தேதிய நீங்க கிளாஸ்ல சொன்னீங்களாமா?"

"தேதியச் சொல்லலம்மா. தெரியும்னுதான் சொன்னேன். சும்மா கேலியா..."

சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமான சமாதானம் என்று எனக்குக் கேட்டது.

"அவருக்கு வேலை போயி இன்னியோட முப்பத்தொம்பது நாள் ஆச்சுங்க அக்கா," என்றார். "இருவத்தொரு நாள்தானுங்க இருக்குது. டெய்லி இன்டர்வியூ பண்ணீட்டுத்தான் இருக்கறாரு. யாருக்கும் சொல்லல. பாப்பாவ வேற சொல்லாதன்னு சொல்லி வச்சிருந்தோம்."

நான் கார்ச் சாவியைத் திரும்பப் பைக்குள் போட்டேன்.

"உங்களக் குத்தஞ் சொல்லலீங்க. நாங்களும் பாக்கற எல்லார்த்தையும் அதயத்தான கேட்டுட்டுத் திரிஞ்சோம். இப்பத்தான் தெரியுது, கேட்டா எப்புடி இருக்கும்னு. யாருகிட்டயும் சொல்லீராதீங்க அக்கா, அது போதும்."

சொல்ல மாட்டேன் என்றேன். அவர் போன பிறகு காரில் உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது, வேறு சொல் இல்லை. எங்களுக்குக் கிரீன் கார்டு நான்கே வருடத்தில் வந்தது. என் கணவரின் சாமர்த்தியம் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டோம். அப்போது வரிசை குட்டையாக இருந்தது, அவ்வளவுதான். அதற்கப்புறம் குடியுரிமை, ஓட்டு எல்லாம் வந்து, காத்திருந்ததே மறந்துபோய்விட்டது. பொங்கல் விழாவில் எந்தத் தேதி என்று சிரித்த முகத்தோடு கேட்கிறவர்கள் பெரும்பாலும் என்னைப் போல் வாங்கி முடித்தவர்கள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

மறுநாள் காலை முதல் வேலையாக எங்கள் துறைத் தலைவரிடம் போனேன். என்னைவிடப் பத்து வயது இளையவர், வெள்ளைக்காரர், சிரிக்கவே மாட்டார். வீட்டு விவரத்தைச் சொல்லவில்லை, வகுப்பில் நான் கேட்டதையும், அப்பாவைத் தெரியும் என்று சொல்லி ஒரு பெண்ணைக் கை தூக்க வைத்ததையும் மட்டும் சொன்னேன். அவர் கையிலிருந்த காபியைக் கீழே வைத்தார்.

"பிள்ளைகளிடம் விசா, கிரீன் கார்டு பற்றிக் கேட்கக் கூடாது என்று நமக்குப் பயிற்சியிலேயே சொல்வார்களே. உங்களுக்குச் சொல்லவில்லையா?"

"சொன்னார்கள்."

"பிறகு?"

உண்மையைச் சொன்னேன். அது உங்களைப் போன்றவர்களுக்கான விதி என்று நினைத்துவிட்டேன், எங்கள் பிள்ளைகளை நான் கேட்கலாம் என்று நினைத்தேன் என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"நான் கேட்டிருந்தால் அந்தப் பெண் கையைத் தூக்காமலே இருந்திருப்பாள். எனக்கு அவள் அப்பாவைத் தெரியாது," என்றார்.

இன்றைய வகுப்பை ரத்துச் செய்துவிடட்டுமா என்று கேட்டேன். இன்னொரு யோசனையும் வைத்திருந்தேன், அவளுக்கு இந்தப் பாடத்தில் முழு மதிப்பெண் போட்டுவிடுவது. இரண்டையும் வேண்டாம் என்றார். "ரத்துச் செய்தால் யாருக்காக என்று முப்பது பேரும் யோசிப்பார்கள். மதிப்பெண் போட்டால் உங்களுக்கு மனசு ஆறும், அவளுக்கு என்ன? பாடத்தை நடத்துங்கள். அதற்கு முன்னால் அவளிடம் போய்க் கேளுங்கள்." என்ன கேட்பது என்றேன். அது உங்களுக்குத்தான் தெரியும் என்று காபியை எடுத்துக்கொண்டார்.

மதிய இடைவேளையில் நிவேதாவை வரச் சொன்னேன். கதவைத் திறந்தே வைத்திருந்தேன். அவள் பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றாள்.

"நேத்து அம்மாவைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை நான் கேட்டது தப்பு. உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது அதைவிடப் பெரிய தப்பு. மன்னிச்சுக்கோ."

"இட்ஸ் ஓகே, மிஸ்."

"ஓகே இல்ல."

அவள் பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "மறைக்கணும்னு நான் கை தூக்காம இல்ல, மிஸ். யாரெல்லாம் வெயிட் பண்றீங்கன்னு கேட்டீங்கல்ல? அப்பாவுக்கு ஜாப் போனதுக்கு அப்புறம் நாங்க இன்னும் லைன்ல இருக்கோமா இல்லையான்னு எனக்குத் தெரியல. வீட்ல கேக்க முடியாது, அம்மா அழுவாங்க. ஸோ நான் திங்க் பண்ணிட்டு இருந்தேன், நாங்களும் கவுன்ட் ஆவோமா இல்லையான்னு. அதுக்குள்ள நீங்க கூப்டுட்டீங்க."

இருபத்திரண்டு வருடத்தில் நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவ்வளவு நேர்மையாக யாரும் யோசித்ததில்லை என்று நினைக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பழைய கம்பெனி போட்ட கிரீன் கார்டு மனு அனுமதி ஆகியிருந்தால் தேதி பொதுவாக அப்பா பேரிலேயே இருக்கும், ஆனால் அறுபது நாளுக்குள் வேறு கம்பெனி வர வேண்டும், மற்றதை வக்கீல்தான் சொல்ல வேண்டும் என்றேன். கவனமாகக் கேட்டாள். தேதி இருக்கும் என்பதை மட்டும் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

"இன்னிக்கு நீ வேற மேசைக்குப் போறியா? வேணும்னா லைப்ரரிக்குப் போ, பாஸ் தரேன்."

"வேண்டாம் மிஸ். கடைசில என்ன ஆச்சுன்னு தெரியணும்."

மூன்றாம் நாள் போர் முடிந்துவிடும். யாருக்கு என்ன கிடைத்தது என்று எழுதிய கார்டுகளை ஒவ்வொருவராக எடுத்து வாசிப்பார்கள். சாம்ராஜ்யம் வென்றது, கொடி ஏறியது. போயர்களின் பண்ணைகள் எரிந்தன, அவர்கள் குடும்பங்கள் முகாம்களில் செத்தன. அந்த மண்ணின் கறுப்பு மக்களுக்கு ஓட்டு உண்டா என்ற பேச்சைச் சமாதான ஒப்பந்தத்திலேயே பிற்பாடு பார்க்கலாம் என்று தள்ளிவைத்தார்கள். இந்தியர் கார்டு நிவேதாவிடம் வந்தது. டிரான்ஸ்வாலில் நம்மவர்களும் இருந்தார்கள், தமிழர்களும் உண்டு.

அவள் தட்டையான குரலில் வாசித்தாள். "குடியரசு இந்தியர்களை மோசமாக நடத்துகிறது, அதுவும் போருக்கு ஒரு காரணம் என்று சாம்ராஜ்யத்தின் பெரியவர்கள் பேசினார்கள். வென்ற பிறகு அதே சட்டங்களை அப்படியே வைத்துக்கொண்டார்கள். முன்பைவிடக் கறாராக நடத்தினார்கள்."

வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இவங்க அந்த மீட்டிங்ல இருந்தாங்களா, மிஸ்?"

"இல்லை."

"உங்களைப் பத்திச் சொல்லலாமான்னு இவங்ககிட்ட யாராவது கேட்டாங்களா?"

"இல்லை," என்றேன். இரண்டு நாளுக்கு முன் பலகையில் நான் எழுதிய பதினேழு ஞாபகத்துக்கு வந்தது. அந்தப் பிள்ளைகளின் வீட்டுக் காத்திருப்பை என் பாடத்துக்கு எடுத்துக்கொள்ள நானும் யாரையும் கேட்கவில்லை. வகுப்பில் வேறு யாருக்கும் அது தோன்றியிருக்காது. அவளுக்குத் தோன்றியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

அதற்கப்புறம் நானும் நாள் எண்ண ஆரம்பித்தேன். நாற்பத்தைந்து, ஐம்பது. நிவேதா வருவாள், முன் வரிசைக்கு மாறிக்கொண்டாள், நான் எதுவும் கேட்க மாட்டேன். கேட்காமல் இருப்பது அவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. கெவின் ஒருநாள் தன் கால்குலேட்டரை அவளுக்குக் கொடுத்ததைப் பார்த்தேன். அவள் வாங்கிக்கொண்டாள். என்ன பேசிக்கொண்டார்கள் என்பது என் வேலை இல்லை. ஐம்பத்தாறாம் நாள் டெக்ஸாஸில் ஒரு கம்பெனி அவள் அப்பாவுக்காக மனுப் போட்டது. அந்த அம்மாள் போன் செய்து சொன்னபோது எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்று நான் அழுதுவிட்டேன். பத்து நாளில் குடும்பமே டல்லாஸ் பக்கம் கிளம்பியது.

பள்ளியை விட்டுப் போகும் பிள்ளைகள் ஒரு தாளை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஆசிரியரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும், புத்தகத்தைத் திருப்பித் தந்தாகிவிட்டது என்று. கடைசி நாள் நிவேதா தாளும் புத்தகமுமாக வந்தாள். கையெழுத்துப் போட்டேன். டல்லாஸில் வெயில் கொளுத்தும் என்று ஏதோ பேசினேன். அவள் தாளை எடுத்துக்கொள்ளாமல் நின்றாள்.

"மிஸ், ஒண்ணு கேக்கலாமா? ரோஹன் கார்டுல மடிச்சிருந்த பார்ட், அது நீங்கதான எழுதினீங்க?"

"ஆமா."

"அப்ப நாங்க என்ன பேசினாலும் ஒண்ணும் மாறாதுன்னு உங்களுக்கு ஃபர்ஸ்ட்டே தெரியும்."

"தெரியும்."

"அப்புறம் ஏன் எங்களப் பேச விட்டீங்க?"

இதற்கு என்னிடம் ஆசிரியர்களின் ரெடிமேட் பதில் இருந்தது, உங்களிடமும் இருக்கும். "நான் சொல்லியிருந்தா நீங்க நம்பியிருக்க மாட்டீங்க. நீங்களாக் கண்டுபிடிக்கணும்னுதான்," என்றேன்.

அவள் தாளை எடுத்துப் பையில் வைத்தாள்.

"நீங்க சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன், மிஸ்."

கோபமாகச் சொல்லவில்லை. வணக்கம் வைத்துவிட்டுப் போனாள்.

ஓய்வு பெறுவதற்கு முன் இன்னும் இரண்டு வருடம் அந்தப் பாடத்தை நடத்தினேன். கை தூக்கச் சொல்லவில்லை. மாநாடு நடந்தது, மூன்று மேசை, மூன்று அட்டை. முன்னைப் போல் சூடு பிடிக்கவில்லை, மூன்றாம் நாள் யாரும் அசந்துபோகவும் இல்லை. கார்டுகளை நான் மடிக்காமலே கொடுத்தேன்.